தாக்குவது நாம்தான்

"மாலை 4 மணி. தாக்குவது நாம்தான். யாரும் பயப்பட வேண்டாம்." பெரியப்பாவின் பழைய மோடத்தின் முதுகில் இந்தச் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. கிழமை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது; ஆண்டு இல்லை. முதலில் எழுதியிருந்த கிழமை சனி. அந்தச் சனிக்கு முந்தைய நாள் அவர் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, புதுச்சேரியில் பிரெஞ்சு தேசிய நாளுக்கு நடக்கும் ஜூலை பதினான்கு அணிவகுப்புக்குப் போய்வந்தது எனக்கு நினைவிருக்கிறது. ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தபின் அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தது 2006இல். ஆகவே 2006 என்று கொள்கிறேன்.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும், பிரான்சிலேயே தங்கிவிட்ட காரைக்கால்காரரான பழைய படைத்தோழரோடு இணையத்தில் சதுரங்கம் ஆடுவார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருவரும் பேசிப் பேசியே காய் நகர்த்துவார்கள். தோழர் மனைவியை இழந்து மகன் வீட்டில் ஒடுங்கிவிட்டவர். வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசுவதே அப்போதுதான். ஆனால் சில வாரங்களாக, பெரியப்பா ஜெயிக்கும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது. அறுந்தவர் தோற்றவர் என்பது அந்தத் தளத்தின் விதி. தோற்றதுகூடப் பெரிதில்லை, பாதியில் ஓடியவன் என்று தோழர் நினைத்துவிடுவாரோ என்றுதான் அவர் தவித்தார்.

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், தட்டாஞ்சாவடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர். யாரோ வேண்டுமென்றே இணைப்பை நெரிப்பதாக அவர் சந்தேகப்பட்டார். "இருக்கியா, இருக்கியா" என்று வெளியிலிருந்து ஓயாமல் கேட்டால், பதில் சொல்லிச் சொல்லியே மோடம் திணறிப்போகுமாம். பட்டறையிலிருந்து தானே தாக்கிச் சோதிப்பதாகச் சொன்னார். பெரியப்பா அதை ராணுவப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார். சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, விறைப்பாக உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு மோடத்தின் விளக்கு வெறிபிடித்தாற்போல் துடித்தது, இணைப்பு செத்தது. பெரியப்பா போனில் கத்தினார்.

"கேக்கறவனுக்கெல்லாம் பதில் சொல்லுமா இது? 'கீ வீவ்', யார் அங்கன்னு காவல்காரன்தான்டா கேக்கணும்!"

"உங்க காவல்காரன் ரொம்ப மரியாதக்காரன்பா."

அண்ணன் போனிலேயே சொல்லச் சொல்ல, பெரியப்பா அந்தப் பதில்களை நிறுத்தினார். மோடத்தை அணைத்துப் போட்டதும் இணைப்புக்கு இணையத்தில் புது முகவரி எண் கிடைத்தது.

"பழைய நம்பர்ல அடிக்கறேன், ஒண்ணும் அசையல. புதுசு யாருக்கும் தெரியாது. நாளைக்கு நீங்க நேரா பேசறவங்களுக்குத்தான் தெரியும்."

மறுநாள் அவர் பேசியது ஒருவரிடம்தான். தோழரின் ராஜா மடங்கப்போன நேரத்தில் விளக்கு மறுபடி துடித்தது. பெரியப்பா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் அருகில்தான் இருந்தார்.

"பேச்ச நிறுத்திட்டு ஆடுங்கப்பா. பேச்சுதான் நேரா அவருகிட்ட போவுது, ஆட்டம் அந்த சைட் வழியாத்தான். நம்ம நம்பர் அங்க போகாது."

"பேசாம ஆடறதுக்கு நான் ஏன்டா ஆடணும்?"

"அப்ப தெரிஞ்சே தோப்பீங்களா?"

"திரும்ப லைன் வந்ததும் அவன் எப்டி சிரிக்கறான் தெரியுமா? நீ கேட்டதில்ல."

அடுத்த முறை நான் போனபோது சீட்டில் சனி அடிக்கப்பட்டு, மேலே 'ஞாயிறு' என்றிருந்தது. தோழர் இருந்தவரை அவர்கள் பேசிக்கொண்டேதான் ஆடினார்கள். விளக்கு துடித்தால், பெரியப்பா அந்தச் சீட்டை வீட்டுக்கே கேட்கும்படி வாசிப்பார்.

இன்று இருவரும் இல்லை. மோடம் என் அலமாரியில் இருக்கிறது. அந்த ஞாயிறுகளில் தாக்கியது தோழர்தானா, அப்பா தோற்பதைப் பார்க்கப் பொறுக்காத அவர் மகனா, இல்லை வேறு யாராவதா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.