அத்தை வெட்டி எடுத்த சங்கு

மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டு பால்கனிக்கு நேர் கீழேதான் ராமநவமிப் பந்தல் போடுவார்கள். அந்த வருடம் பாட வந்த வித்வான் பெரிய கோபக்காரர். மேடையில் டேப் ரிக்கார்டரைக் கண்டால் பாதியில் எழுந்து போய்விடுவார் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அத்தை, கப்பலில் போய்வந்த யாரிடமோ வாங்கியது. டிரங்குப் பெட்டி போலக் கனக்கும். பம்பாயில் எங்கே நல்ல கச்சேரி நடந்தாலும் எப்படியாவது அதில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் அலமாரியில் புடவைகளைவிட டேப்புகள்தான் அதிகம்.

“பெரிய மனுஷர் பொல்லாப்பு நமக்கு வேண்டாம்டி” என்றாள் அம்மா.

“மன்னி, மேடையில வெக்கப்படாதுன்னுதானே அவர் சொல்லியிருக்கார்? நம்மாத்து பால்கனியில வெக்கப்படாதுன்னு சொல்லலையே.”

துணி காயப்போடும் கழியின் நுனியில் மைக்கைக் கட்டி, அது தெரியாதபடி மேலே ஒரு ஈரத் துண்டையும் தொங்கவிட்டுப் பந்தலுக்கு மேலே நீட்டினாள். கழி ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. தும்முவதற்குக்கூட எனக்கு அனுமதி இல்லை. அத்தை உள்ளே ரீலின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

வித்வான் கல்யாணியை ஆலாபனை செய்துகொண்டே மேலே போய்க்கொண்டிருந்த சமயம், ரயில்வே பட்டறையின் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிகிற சங்கு. கீழே யாரோ சிரித்தார்கள். உள்ளே அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் கழியின் மீதே கண்ணாக இருந்ததால் வேறெதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் முழுக்க அத்தை அந்தச் சங்கோடு மல்லுக்கு நின்றாள். ரீலைக் கையால் மெல்லத் திருப்பித் திருப்பி, அது தொடங்கும் இடத்தைக் காதால் தேடிப் பிடித்து, சவர பிளேடால் வெட்டினாள். முடியும் இடத்தில் இன்னொரு வெட்டு. மீதி நுனிகள் இரண்டையும் சேர்த்து ஒட்டிப் போட்டுக் காட்டினாள். சங்கு ஊதிய தடமே இல்லை. நடந்துபோன ஒன்றை நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். அத்தையைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கட்டடத்தில் இருந்தவர்களெல்லாம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். சேதி வெளியே போகாமல் இருக்குமா? ஊர் திரும்புவதற்கு முன் வித்வானே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“என் பாட்டைப் பெட்டியில புடிச்சு வெச்சிருக்கியாமே?”

“தப்புதான் மாமா. இப்பவே அழிச்சுடறேன்.” அத்தை அலமாரியைத் திறந்து டேப்பை எடுத்தாள்.

“அழிக்கறது அப்புறம். அந்தக் கல்யாணியைப் போடு.”

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை உயர்த்தினார். “நிறுத்து. சங்கு எங்கே?”

“பாட்டையே அமுக்கிடுத்து மாமா. வெட்டி எடுத்துட்டேன்.”

“வெட்டினதை என்ன பண்ணினே?”

அத்தை குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினாள். அம்மா சமையலறையிலிருந்து தயங்கித் தயங்கி எட்டிப்பார்த்தாள். “நான்தான் எடுத்தேன். நன்னா கயிறு மாதிரி இருக்கேன்னு பாகக்கொடியை இழுத்துக் கட்டியிருக்கேன்.”

எல்லோரும் பால்கனிக்கு ஓடினோம். பழுப்பு நாடா பாகற்கொடியையும் கம்பியையும் சுற்றிக்கொண்டு கிடந்தது. வித்வானே குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்தார். அத்தை நாடாவைப் புடவைத் தலைப்பால் துடைத்து நீவி, பழைய இடத்திலேயே ஒட்டினாள்.

ரீல் சுழன்றது. கல்யாணி ஏறிக்கொண்டே போனது. முடிச்சு விழுந்த இடங்களில் திக்கித் திக்கிச் சங்கு கிளம்பியது. பாட்டை முழுக்க விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கத் தொடங்கியது. அடங்கிற்றே தவிர ஓயவில்லை. அதே ஸ்வரம் மெலிந்து, இனித்து, நின்றுகொண்டே இருந்தது. சங்கு எங்கே முடிந்தது, குரல் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. அத்தை சங்கென்று நினைத்து வெட்டியதில் பாதி வித்வானின் குரல். பட்டறையின் ஓலத்தை மனிதர் ஒருவர் வாங்கிக்கொண்டு, அது விட்ட இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இன்னொரு தரம்” என்றார் வித்வான். அது முடிந்ததும், “இன்னொரு தரம்.”

எழுந்தபோது அழிக்கச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே அத்தையிடம், “பக்கத்துல உக்காந்திருந்த பிடில்காரர்கூட, சங்கு ரொம்ப நீளமா ஊதித்துன்னுதாம்மா சொன்னார்” என்றார். அத்தை நமஸ்காரம் செய்தாள்.

திட்டு விழும் என்று காத்திருந்த எனக்கு ஒரு மாதிரி ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் படியிறங்கிப் போவதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அந்தப் பந்தலில் தனக்கு நேர்ந்தது நிஜம்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, எங்கள் வீட்டை விட்டால் அவருக்கு உலகத்தில் வேறு இடமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.