மூன்றாம் வரிசை, நடுப் பெயர்

"தீனா, கீதா, அச்சுதன்" என்று முணுமுணுத்தபடி எட்மண்ட் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முடிந்தால் ஒரு மூச்சு. சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக, நான்காய் மடித்த தாள். அதில் அவர் தினமும் ஜெபிக்கும் பன்னிரண்டு பெயர்கள். வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை. பைபிளில் தலைமை ஆசாரியன் ஆரோன் நெஞ்சில் அணிந்த மார்ப்பதக்கத்தில், கோத்திரங்களின் பெயர் பொறித்த கற்களைப் பதித்திருந்த முறை அது.

தாம்பரத்தில் ரயில்வே சிக்னல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருப்பட்டம் இல்லை, அங்கி இல்லை. காலில் இரண்டு நிற லேஸ் கட்டிய கேன்வாஸ் ஷூ. எதிர்வீட்டு அச்சுதன், பெருமாள் பக்தர்; ஆனாலும் தன் பெயர் அந்தத் தாளில் இருப்பதில் அவருக்குச் சந்தோஷம். "என்ன எட்மண்ட் சார், என் ஃபைல் இன்னிக்கு மூவ் ஆச்சா?" என்பார். "வச்சிட்டு வந்துட்டேன் சார்" என்பார் இவர்.

"ஆசாரியன்னா இன்னா? ஜனங்க பேரை நெஞ்சுல சொமந்துகினு ஆண்டவர் முன்னாடி போய் நிக்கிறவன். ஞானஸ்நானம் வாங்கின எல்லாருக்கும் அந்த வேலை கீது" என்பார் எட்மண்ட், கேட்பவர்களிடம்.

அன்று அவருடன் எழிலும் நடந்தாள். அவள் அப்பா சுந்தர்சிங், எட்மண்டின் சிக்னல் பிரிவு நண்பர். நோயில் கிடந்த இரண்டு வருடமும் அந்தத் தாளில் மூன்றாம் வரிசை நடுவில் இருந்தார். அடக்கம் முடிந்து பதினெட்டு நாள். இறந்தவர்களுக்காக எட்மண்ட் ஜெபிப்பதில்லை, பெயரை அடித்துவிடுவார். எழில் மென்பொருள் சோதிப்பவள். ரேஷன் அட்டை, ஃபோன், கேஸ் இணைப்பு, எல்லாவற்றிலும் அப்பாவின் பெயரை நீக்க அவள்தான் விண்ணப்பம் எழுதினாள். இந்தத் தாள் ஒன்றுதான் மிச்சம்.

ஏரியில் பனி எழுந்திருந்தது. அக்கரை வீடுகள் தரையில்லாமல் மிதந்தன. மின்சார ரயிலின் ஓசை தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"அப்பா பேரை எடுக்காதீங்க அங்கிள்."

"அவன் இப்போ ஆண்டவரை நேராவே பாத்துகினு இருப்பாம்மா. நடுவுல நான் எதுக்கு?"

"அவருக்கு வேணாம். எனக்கு வேணும்."

எட்மண்ட் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தாளை விரித்தார். வியர்வையில் ஊறி ஊறி அது துணிபோல் ஆகியிருந்தது. அப்பாவின் பெயர் இன்னும் அப்படியே இருந்தது.

"நானும் தெனம் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன்" என்றார்.

பிறகு ஒரே கோடாக அடித்தார். எழில் ஏரியைப் பார்த்தாள்.

அதன் கீழே 'எழில்' என்று எழுதினார். சற்று நேரம் அதையே பார்த்தார். வேறு யாருக்கும் இனிஷியல் இல்லாத அந்தத் தாளில், அவள் பெயருக்கு முன்னால் இருந்த இடுக்கில் பேனா முனையை நுழைத்து, 'சு.' என்று சேர்த்தார்.