ஊற்றாமல் விட்ட தண்ணீர்

1. சேர்ந்த நாள்

திருவண்ணாமலையில் கன்னியாஸ்திரீகள் நடத்தின ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தேன். எட்டுக் கட்டில், ஒரு லேபர் ரூம், ஒரு சிஸ்டர், ஒரு கம்பவுண்டர். டாக்டரம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் வருவார்கள். மத்த நாளெல்லாம் சிஸ்டரும் நானும்தான். இப்போது இந்த வேலைக்கு வருகிற பொண்ணுங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நிறைய இருக்கிறது. எனக்கு எழுத நேரமாகும் என்பதால் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் சிஸ்டர் கேட்டார்கள்.

"என்ன படிச்சிருக்க?"

"ரெண்டாங் கிளாஸ் சிஸ்டர். ஆனா ஞானோபதேசக் கேள்வி பதில் முழுக்க மனப்பாடம். எங்கிருந்து வேணாலும் கேளுங்க."

கேட்டார்கள். ஒரு கேள்விக்கும் நான் திக்கவில்லை. பக்கத்தில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர், "சிஸ்டர், இனிமே ரேடியோ வாங்க வேணாம், இந்தம்மா காதைத் திருகினா போதும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு ரேடியோ அருளம்மா என்றே பேர். அது கேலி என்று தெரியும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கே அவசர ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லித் தந்தார்கள். கிறிஸ்தவர் வீட்டுக் குழந்தை பிறந்து பிழைக்காது என்று தெரிந்தால் கோயிலிலிருந்து பங்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தண்ணீர் தலையில் பட்டு ஓட வேண்டும். ஊற்றுகிற கையும் வார்த்தை சொல்கிற வாயும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். செத்த குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், "உயிர் இருந்தால்" என்று சேர்த்துச் சொல்லி ஊற்றிவிட வேண்டும்.

இதற்கென்று லேபர் ரூம் அலமாரியில் ஒரு டம்ளர் தண்ணீர் எப்போதும் மூடி இருக்கும். தினம் காலையில் அதை மாற்றி வைப்பது என் வேலை. ஒரு நாளும் மறந்ததில்லை.

2. தேர் நாள்

நான் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். தெரசா அடி அண்ணாமலைக்காரி. அவள் புருஷன் சூசை மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன். தலைப்பிரசவம். முந்தின நாளே வலி எடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவி கையில் விட்டுவிட்டு, முடியாமல் போனதும் மாட்டு வண்டி கட்டியிருக்கிறான். அன்றைக்கு ஊருக்குள் தேர். எந்தத் தெருவிலும் வண்டி நுழைய முடியவில்லை. சுற்றிக்கொண்டு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

குழந்தை பிறந்தது. பொண்ணு. அழவில்லை. தெரசாவுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சிஸ்டர் அவளை விட்டு நகர முடியாது. குழந்தையை என் கையில் கொடுத்து, "நீ பாரு அருளம்மா" என்றார்கள்.

முதுகைத் தேய்த்தேன். வாயைத் துடைத்தேன். உள்ளங்காலில் தட்டினேன். நீலமாக இருந்தது. நெஞ்சில் கையை வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செத்த குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்ற பாடம்தான் என் மனசில் முன்னால் வந்தது. எத்தனை குழந்தைகளைப் பார்த்த கை, எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். சந்தேகம் என்று ஒன்று எனக்கு வரவே இல்லை.

எனாமல் பேசினில் வைத்து, மேலே துணி போட்டு, தெரசா கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு போனேன். அப்போது அப்படித்தான் செய்வோம். தாய் பார்த்தால் ஜாஸ்தி அழுவாள் என்று.

கல்லறைத் தோட்ட மதிலுக்கு வெளியே, கள்ளி ஓரமாக, சூசை குழி தோண்டினான். ஞானஸ்நானம் வாங்காத குழந்தையை அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் உள்ளே வைக்க மாட்டார்கள்.

3. கேள்வி பதில்

மறுநாள் காலையில் தெரசாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன்.

"அருளக்கா, தண்ணி ஊத்தினீங்களா?"

"இல்லம்மா. உயிர் இல்லாத புள்ளைக்கு ஊத்தக் கூடாது."

"உயிர் இல்லைன்னு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அவ எங்கக்கா போயிருப்பா?"

இந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம். நிமிர்ந்து நின்று சொன்னேன். ஞானஸ்நானம் வாங்காத குழந்தை நரகத்துக்குப் போகாது. மோட்சத்துக்கும் போகாது. நடுவில் ஒரு இடம். அங்கே வேதனை கிடையாது, ஆனால் சர்வேசுரனைப் பார்க்கவும் முடியாது.

"அப்ப நான் மோட்சத்துக்குப் போனா அவளைப் பாக்க முடியாதா?"

"முடியாது."

பக்கத்துக் கட்டிலில் கீழ்பென்னாத்தூர் அம்மா ஒருத்தி. நெற்றி நிறைய விபூதி. அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, பச்சப்புள்ளைகிட்ட போயி டிக்கெட் கேக்குமா உங்க சாமி? நீ கஞ்சியக் குடுத்துட்டுப் போவியா!" என்றாள்.

"உங்க வேலையப் பாருங்க, இது எங்க வேதம்" என்றேன்.

தெரசா கஞ்சியைக் குடித்தாள். அழவில்லை. அதை நான் நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

4. பூசைக்கு வராதவள்

அதற்குப் பிறகு தெரசா கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிறு பூசை கிடையாது, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கிடையாது, ஈஸ்டர் கிடையாது. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் மதிலுக்கு வெளியே வந்து உட்காருவாள். இன்னொரு குழந்தை உண்டாகவே இல்லை. சூசை என்னிடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பாக்கா" என்பான். ரெண்டு தடவை போனேன். மோர் கொடுத்தாள், ஊர்க் கதையெல்லாம் பேசினாள், கோயில் பேச்சு எடுத்தால் எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விடுவாள். சாமி மேல் கோவம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

ஒன்பது வருஷம் போனது.

5. தாவீது ராசா

தெரசாவுக்கு வயிற்றில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே இனிமேல் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சிஸ்டர் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு கட்டில் கொடுத்தார்கள். உடம்பு துடைக்கிறது, புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் நான்தான்.

சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை பூசுவதற்குப் பங்குச் சாமியார் எண்ணெயோடு வந்தார். பழைய சாமியார் இல்லை, புதுசாக வந்த சின்ன வயசுக்காரர். தெரசா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கட்டாயப்படுத்தவில்லை, போய்விட்டார். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, "ஏன்டி, இன்னுமா கோவம்?" என்றேன்.

"கோவமெல்லாம் இல்லக்கா. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி, எண்ணெய் பூசிக்கிட்டு, நல்லபடியா செத்தா மோட்சத்துக்கு அனுப்பிடுவாங்க. அங்க அவ இல்லியே. நரகத்துக்குப் போற அளவுக்குப் பாவமும் நான் பண்ணல. நடுவுல வுட்டாங்கன்னா போதும்."

துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் பிடித்தபடியே சாமியார் பின்னால் ஓடினேன். சைக்கிளில் ஏறப் போனவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமி, நான் சொன்ன பாடம் தப்பா?"

"அப்ப அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க அருளம்மா. ஆனா அது திருச்சபை முடிவா சொன்ன விசுவாசம் இல்ல. ஞானஸ்நானம் வாங்கணும்னு கட்டளை நமக்கு. கடவுளோட கைய அது கட்டிப் போடாது. அந்த மாதிரி குழந்தைகளை அவரோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம்."

"பைபிள்ல இருக்கா சாமி?"

அவர் யோசித்துவிட்டு, தாவீது ராசாவின் குழந்தையைப் பற்றிச் சொன்னார். அது நோயாய்க் கிடந்தபோது ராசா தரையில் விழுந்து பட்டினி கிடந்தார். ஏழாம் நாள் செத்துப்போனது. நமக்கு ஞானஸ்நானம் மாதிரி யூதர்களுக்கு விருத்தசேதனம், அதை எட்டாம் நாள்தான் பண்ணுவார்கள். அந்தக் குழந்தையின் பேர்கூட பைபிளில் இல்லை. ஆனால் ராசா எழுந்து குளித்துச் சாப்பிட்டார். அது என்னிடம் திரும்பி வராது, நான்தான் அதனிடம் போவேன் என்று சொன்னார்.

"அதுகிட்ட போவேன்னா சொன்னாரு?"

"ஆமா."

"இன்னொரு தடவை சொல்லுங்க சாமி." மூன்று தடவை சொல்ல வைத்தேன். எனக்குக் காதால் கேட்டால்தான் நிற்கும்.

6. எனக்கு நல்லாத் தெரிந்தது

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் தெரசாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"அன்னிக்கு வேற சொன்னீங்க. இன்னிக்கு வேற சொல்றீங்க. இதாவது நல்லாத் தெரியுமாக்கா?"

தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"தெரியாது தெரசா. அன்னிக்கும் எனக்குத் தெரியாது. அவளுக்கு உயிர் இருந்துச்சா இல்லையான்னே இப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு. சந்தேகம்னா ஊத்தணும்னு பாடம். நான் ஊத்தல. கைக்கிட்டவே தண்ணி இருந்துச்சு."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா. தெரியலன்னு" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை. களைத்துப்போன குரல்.

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

"அவ முகம் எப்படிக்கா இருந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூசையிடம் நான் துணி சுற்றித்தான் கொடுத்தேன். சிஸ்டர் ரத்தத்தைப் பார்த்தார்களே தவிர குழந்தையைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். ஒன்பது வருஷமாக அதை நானே வைத்திருந்தேன்.

"தலை நிறைய முடி. நெத்தி வரைக்கும். மூக்கு சூசையோடது, கொஞ்சம் சப்பை. வலது காதுக்குக் கீழ உனக்கு இருக்கிற மாதிரியே ஒரு மச்சம். விரலெல்லாம் நீட்டு நீட்டா."

"நல்லாத் தெரியுமா?"

"இது நல்லாத் தெரியும்."

கையைத் தூக்கித் தன் காதுக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். "சப்பை மூக்கா? அந்த ஆளு மூக்கேதானா?" என்று சிரித்தாள். சிரித்ததில் வலி எடுத்துவிட்டது.

சாயந்திரம் சாமியார் திரும்பவும் வந்தார். தெரசா ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் சுவர் பக்கம் திரும்பவில்லை. எண்ணெய் பூசினார். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

7. மதில்

கல்லறைக்குள் மதிலை ஒட்டி அவளைப் புதைத்தோம். அதற்கு நேர் வெளியே அவள் பொண்ணு. நடுவில் ஒரு செங்கல் மதில். அதை இடிக்கச் சொன்னால் என் பேச்சை யார் கேட்பார்கள்? கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியை மதில் மேலேயே ஒட்டி வைக்கிறேன். ரெண்டு பக்கமும் வெளிச்சம் விழும்.

அதற்குப் பிறகும் என் கையில் எத்தனையோ குழந்தைகள் போயின. சந்தேகம் வந்தாலும் வராவிட்டாலும் நம் ஜனங்களின் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றினேன். எந்த வேதக்காரக் குழந்தையானாலும் துடைத்து, வெள்ளைத் துணி சுற்றி, முகத்தைத் திறந்து தாய் கையில் கொடுத்தேன். ஜாஸ்தி அழுதார்கள். அழட்டும். எங்கே போயிருக்கும் என்று கேட்டவர்களிடம், "எனக்குத் தெரியல கண்ணு, அவருக்குத் தெரியும்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பொண்ணுங்களே, நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். பதில் நிறையத் தெரிந்திருக்கும். முதலில் குழந்தையின் முகத்தைக் காட்டுங்கள்.