பாதியில் நின்ற கூடை

என் மனைவி கிரேஸ் இறந்த பிறகு ஒன்றரை வருடம் நான் ஒரே ஜெபத்தைத்தான் செய்துவந்தேன். ஆண்டவரே, என்னையும் எடுத்துக்கொள்ளும். வேறெதுவும் கேட்கவில்லை. இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அந்த ஜெபம் ஏறக்குறையக் கேட்கப்பட்டுவிட்டது.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவன். அப்பா ரயில்வே. நானும் ரயில்வேயில் நேர அட்டவணைப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். தேதியும் நேரமும் எனக்குத் தொழில் மட்டுமல்ல, சுபாவமும் அதுதான். சபையின் ஆண்டு மலருக்குப் பழைய போதகர்கள் எப்போது வந்தார்கள், எப்போது மாறிப் போனார்கள் என்று எழுதிக் கொடுப்பவன் நான்தான். ஓய்வுக்குப் பிறகு கிள்ளானில் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிவந்தோம். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்போது அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. காற்று நன்றாக வருகிறது என்றாள் கிரேஸ்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை அடக்கம் செய்தோம். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சர்க்கரை நோயால் என் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். உள்ளங்காலில் ஒரு புண் மட்டும் ஆறவில்லை.

படி இறங்குவதை எப்படியோ சமாளிக்கலாம். ஏறுவதுதான் முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, மேலே வந்து சேரும்போது கட்டுத்துணி நனைந்திருக்கும். ஆகவே இறங்குவதைக் குறைத்தேன். முதலில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவது நின்றது. பிறகு ஞாயிறு ஆராதனை. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆஸ்பத்திரித் தவணைகளும் நின்றன. சபையார் ஆரம்பத்தில் வந்தார்கள். எல்லாருக்கும் மூட்டுவலி உள்ள வயது. "இவ்வளவு படி ஏறாதீங்க, போன் பண்ணுங்க போதும்" என்று நானே சொன்னேன். வீட்டு ஜெபக்கூட்டம் ஒவ்வொரு குடும்பமாகச் சுற்றி வரும். என் வீட்டை விட்டுவிடுங்கள் என்று சொன்னதும் நான்தான். அவர்கள் விட்டுவிட்டார்கள். மரியாதையாகத்தான் விட்டார்கள்.

மெல்பர்னில் இருக்கும் என் மகன் சாமுவேல் ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவான். முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்துக்கொள்வேன். கால் தெரியாது. ரவாங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தை அவன் பார்த்து வைத்திருந்தான். "அப்பா, அங்க நர்ஸ் இருக்காங்க. ஒரு தடவ போய்ப் பாருங்களேன்" என்பான். நல்லா இருக்கேன்பா என்பேன். கிரேஸ் கடைசியாகக் கோப்பையை வைத்த மேசை இந்த வீட்டில்தான் இருக்கிறது. இந்த வீட்டை விட்டு என்னை வெளியே எடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். இந்த வீட்டுக்குள்ளேயே கிடந்து முடிந்துவிடுவேனோ என்ற பயம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் கிரில் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்றுக்காக மரக்கதவு திறந்திருக்கும். கிரில் மட்டும் எப்போதும் பூட்டு. பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து அப்படித்தான். சாவி டிவிக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும்.

வெளியுலகத்தோடு எனக்கு மிச்சமிருந்தது ஒரு கூடை. மாலையில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வரும் காதர் பாய்க்காகக் கிரேஸ் ஏற்படுத்திய கூடை அது. பால்கனிக் கம்பியில் கயிறு கட்டி, பணத்தைப் போட்டு இறக்குவாள். பாய் ரொட்டியை வைத்துக் கயிற்றை இரண்டு தடவை இழுப்பார். கம்பி கடகடவென்று ஆடும். மேலே இழுத்துக்கொள்வாள். எங்கள் பிளாக்கில் இன்னும் சில வீடுகளில் அந்த வழக்கம் உண்டு. கிரேஸுக்குப் பின் நானும் அதைத் தொடர்ந்தேன். மளிகையும் இன்சுலினும்கூடக் கடைப் பையன் அதில்தான் வைத்துவிட்டுப் போவான். அந்தக் கூடை இருந்ததால்தான் நான் இறங்காமலே வாழ முடிந்தது. அதுதான் என்னை அடைத்தும் வைத்தது.

கூடையால் ஒரு சண்டையும் இருந்தது. இரண்டாவது மாடியில் பார்வதி என்று ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். கணவர் செல்வம் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். அவள் துணி காயப்போடும் கழியில் என் கூடை அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

"அங்கிள், ஒங்க கூடை எங்க வீட்டுக்காரரு சட்டைய இழுத்துட்டுப் போவுது. அவருக்கும் சேத்து ரொட்டி வாங்கிக் குடுங்க."

கீழிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பாயும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. மனைவியை இழந்தவனிடம் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. கூடையை மட்டும் கொஞ்சம் தள்ளி இறக்கினேன்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. மத்தியானத்திலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. ஆறு மணிக்கு எனக்கு இன்சுலின் ஊசி. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். பாயின் ரொட்டிதான் என் இரவுச் சாப்பாடு. அவர் ஒருநாளும் நேரம் தவறியதில்லை. ஆகவே ஆறு மணி அடித்ததும் ஊசியைப் போட்டுக்கொண்டேன். சாப்பாடு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எந்த நர்ஸும் சொல்லியிருப்பாள். நான் கடிகாரத்தைப் பார்த்துப் போடுகிறவன். ரயில் வந்தாலும் வராவிட்டாலும் கொடி அசைக்கிறவன் மாதிரி.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. பாய் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கிவிட்டார். எனக்கு அது தெரியாது. கூடையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கியது. பாதி வழியில் நிறுத்திக் கயிற்றைக் கம்பியில் சுற்றினேன். உள்ளே போய் ஏதாவது இனிப்பாகச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்தது. சமையலறை வரை போக முடியவில்லை. சோபாவுக்கும் டிவி மேசைக்கும் நடுவில் விழுந்தேன்.

நினைவு முழுவதும் போய்விடவில்லை. சட்டை வேர்வையில் ஒட்டியது. சீலிங் ஃபேன் சுற்றுவது தெரிந்தது. ஆணியில் தொங்கும் சாவி தெரிந்தது. கை எட்டவில்லை. கூப்பிட்டால் குரல் வரவில்லை. அப்போது என் ஜெபம் ஞாபகம் வந்தது. இதோ, கேட்டது கிடைக்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கிரில்லை அறுத்துத்தான் என்னை எடுப்பார்கள்.

ஒன்றரை வருடம் விரும்பிக் கேட்டது பக்கத்தில் வந்து நின்றபோது, எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஆண்டவரே, இப்படி வேண்டாம். யாரையாவது அனுப்பும். பூட்டிய வீட்டுக்குள் யாரை அனுப்புவார் என்றும் மனம் கேட்டது. ஆனாலும் கேட்டேன். கிரேஸ் போன பிறகு நான் உயிரைக் கேட்டுச் செய்த முதல் ஜெபம் அதுதான்.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. எனக்கு நேரம் தெரியாமல் போனது அன்றைக்கு மட்டும்தான். பிறகு பால்கனிக் கம்பி கடகடவென்று ஆடியது. மழைக்காற்று என்று நினைத்தேன். நின்றது. மறுபடி ஆடியது. இரண்டு தடவை.

துணி எடுக்க வந்த பார்வதி, தன் முகத்துக்கு நேரே என் கூடை மழையில் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். அதில் நோட்டு ஒன்று நனைந்துகொண்டிருந்தது. "அங்கிள், காசு நனையுது" என்று மேலே பார்த்துக் கத்தியிருக்கிறாள். பதில் இல்லை. பாய் செய்வது போலக் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறாள். கூடை ஏறவில்லை. இன்னொரு தடவை இழுத்துவிட்டு, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த முறுக்கு எண்ணெயை அணைத்துவிட்டு, படியேறி வந்தாள்.

கிரில்லுக்கு வெளியே அவள் முகம் தெரிந்தது.

"அங்கிள். அங்கிள், கேக்குதா? ஊசி போட்டுட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். பிறகு இல்லை என்று அசைத்தேன். அவள் அம்மாவுக்கும் இதே நோய் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தாள். என் கண் போன திசையில் பார்த்தாள். சாவியைக் கண்டாள்.

"சரி. கண்ண மூடாதீங்க. இதோ வரேன்."

அவள் திரும்பி வந்தபோது துணி காயும் கழி கையில் இருந்தது. கூடவே சொட்டச் சொட்ட நனைந்த காதர் பாய். பிளாஸ்டிக் பையில் சீனித்தண்ணீர் ஊற்றி, கடையில் பானம் கட்டிக் கொடுப்பது போலக் கழுத்தைச் சுருக்கி, உறிஞ்சும் குழாய் செருகி, கழியின் நுனியில் தொங்கவிட்டிருந்தாள். கிரில் கம்பிகளுக்கு நடுவே கழி உள்ளே நீண்டு வந்தது.

"எடது பக்கம் தங்கச்சி. இன்னும் எடது பக்கம் லா."

"பாய், நீங்க புடிங்க, நான் சொல்றேன். ஒங்க கை நீளம்."

"சோபாவுல முட்டுது."

"தூக்குங்க. மீன் புடிக்கிறீங்களா என்ன, மெதுவா. அவரு வாய்க்கிட்ட. அங்கிள், வாயத் தொறங்க. கொஞ்சம் கொஞ்சமா."

குழாய் என் கன்னத்தில் இடித்தது. மூக்கில் இடித்தது. பிறகு வாய்க்குள் வந்தது. உறிஞ்சினேன். திருவிருந்தில் எத்தனையோ தடவை கிண்ணத்தை வாங்கியிருக்கிறேன். அன்று அந்தப் பையிலிருந்து குடித்தபோதுதான் என் கண்ணில் நீர் வந்தது.

நான் குடித்து முடித்ததும் பாய் அதே கழியால் ஆணியிலிருந்து சாவி வளையத்தைக் கோத்து எடுத்தார். இரண்டு தடவை தரையில் விழுந்தது. பார்வதி அவரைத் திட்டினாள். மூன்றாவது தடவை சாவி வெளியே போனது. கிரேஸின் அடக்கத்துக்குப் பின் வெளியாள் ஒருவர் அந்தப் பூட்டைத் திறந்தது அன்றுதான். பாய் எனக்காக ரொட்டியைப் பிய்த்தார். பார்வதி என் காலைப் பார்த்தாள். கட்டைப் பிரித்தாள். மூக்கைப் பொத்தினாள், மறுபடி கட்டினாள்.

"இத ஒங்க பையனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். போனைக் கேட்டாள். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் மகனைக் கூப்பிட்டு, என் காலைக் காட்டினாள். அவன் அழுதான். ரவாங் என்றான். அவள் சொன்னாள்: "தம்பி, அதெல்லாம் அப்பறம் பேசுங்க. மொத நாளைக்கி ஆஸ்பத்திரி. எங்க வீட்டுக்காரரு லீவு போடுவாரு. எறக்கிடலாம்."

மறுநாள் செல்வமும் பாயும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. "வழி விடுங்க, ராஜா வராரு" என்று முன்னால் நடந்தாள் பார்வதி. ஒரு வருடத்துக்கும் மேலாக யார் கண்ணிலும் படக்கூடாது என்று நான் ஒளித்து வைத்திருந்த கால், எல்லார் கண்முன்னும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதத்தையே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். எடுக்கவில்லை. புண் இன்னும் முழுதும் ஆறவில்லை, ஆனால் சிறுத்திருக்கிறது.

ஒருநாள் அவளிடம் நான் தரையில் கிடந்து செய்த ஜெபத்தைச் சொன்னேன். அவள் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வெறுங்காலோடு நடந்து போகிறவள். "நான் அன்னிக்கிக் காலையில முருகனக் கும்பிட்டேன் அங்கிள், முறுக்கு எண்ண பொங்காம இருக்கணும்னு. நீங்க ஒங்க ஏசுவக் கும்பிட்டீங்க. யாரோ கேட்டுட்டாங்க" என்றாள். யார் கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளோடு நான் வாதாடவும் இல்லை.

நான் இன்னும் நான்காவது மாடியில்தான் இருக்கிறேன். படிகள் குறையவில்லை. கிரேஸ் திரும்பி வரவில்லை. சில சாயங்காலங்களில் சுவர்கள் இன்னும் நெருங்கி வருகின்றன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் என்னை எடுத்துக்கொள்ளும் என்று இப்போது கேட்பதில்லை. அவர் அழைக்கும்போது போகிறேன். சாமுவேலிடம் காலையும் சேர்த்துக் காட்டுகிறேன். ரவாங்கைப் பற்றி அவன் பேசுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, வீட்டு ஜெபக்கூட்டம் என் வீட்டில் நடந்தது. சபையார் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தார்கள். பார்வதி வடை சுட்டுக்கொண்டு வந்து, ஜெபம் முடியும்வரை கதவருகே நின்றாள்.

கிரில்லை இப்போதும் பூட்டுகிறேன். ஊசியை ரொட்டி கைக்கு வந்த பிறகே போட்டுக்கொள்கிறேன். மாற்றுச் சாவி இரண்டாவது மாடியில், முருகன் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்குகிறது.

என்னைப் போல் துணையை இழந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே உங்கள் சாவியையும் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். நல்லா இருக்கேன் என்று சொல்வதை நிறுத்துங்கள். அவர் யாரை அனுப்புவார் என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நான் தீர்மானித்திருந்தால், கூடையைப் பார்த்துக் கேலி செய்தவளை நிச்சயம் அழைத்திருக்க மாட்டேன்.

இதை முடிக்கும்போது பால்கனிக் கம்பி ஆடுகிறது. பாய் இன்னும் வரவில்லை, மணி நாலுதான். காலையில் இறக்கிய கூடையை நான் மேலே இழுக்கவே இல்லை, அது இன்னும் கீழேதான் கிடக்கிறது. பார்வதியாகத்தான் இருக்கும். என்ன வைத்திருக்கிறாள் என்று இழுத்துப் பார்க்க வேண்டும்.