முப்பத்தொன்றாம் அட்டை

ஒன்பதாம் வகுப்பில் நான் கணக்கில் முதலாவது பிள்ளை. இதை இப்போது சொன்னால் என் ஓட்டோவில் ஏறுகிறவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். மீதிக் காசை நான் இரண்டு முறை எண்ணிக் கொடுப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் உண்மை அதுதான். ஒரு தவணை முழுக்க நான்தான் முதலாவது.

எங்கள் வீடு வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில். பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம். காலையில் பாதையில் ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். பாதை என்றால் ரோட்டு இல்லை. மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, ஆடு, பள்ளிப் பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஊர்ந்து போகும் பெரிய மிதவை. அதில் என்னோடு மாமன் மகளும் வருவாள். எனக்கு மச்சாள், அதே வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கில் பூச்சியத்துக்கும் பத்துக்கும் நடுவில் வசித்து வந்தவள். நான் இருபதில் வசித்து வந்தேன். அதனால் அவளைக் கேலி செய்ய எனக்கு உரிமை இருந்தது.

அந்த வருடம் கணித டீச்சர் புதிதாக வந்தார். முதல் வாரமே ஒரு பரீட்சை வைத்து, எங்கள் விடைத்தாள்களை இரண்டு முறை திருத்திப் பார்த்தார். பிறகு காத்தான்குடிப் புடவைக் கடைகளில், அதாவது துணிக்கடைகளில், சட்டை வைத்து வரும் சேட்டுப் பெட்டிகளை வாங்கி வந்து, வெட்டி, நாற்பது அட்டைகள் செய்தார். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பாடம், பத்துக் கணக்கு. ஒன்றாம் அட்டையில் எல்லாம் சரி வந்தால்தான் இரண்டாம் அட்டை. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், யாரையும் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். ஒருவனுக்கு ஓர் அட்டைக்கு ஒரு நாள் ஆகலாம், இன்னொருத்திக்கு ஒரு மாதம் ஆகலாம். இன்னொரு விதியும் இருந்தது. கணக்கு சரிவந்த பிறகு பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதை விளக்க வேண்டும். அந்தப் பிள்ளை "விளங்கிற்று" என்றால்தான் டீச்சர் அட்டையின் பின்னால் கையெழுத்துப் போடுவார். பின்பக்கத்தில் பெட்டியில் அச்சடித்த ஒரு மாப்பிள்ளைப் படத்தின் அரை மீசையோ, ஒரு கையின் பொத்தானோ இருக்கும். அதன்மேல் பச்சைப் பேனையால் கையெழுத்து.

அட்டைகள் இருந்த அலுமாரிக்கு ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் அப்போது ஒரு நேர்மை இருந்ததாம். சாவியைத் தந்தார். அட்டைகளுக்குக் கீழே விடைகள் எழுதிய கொப்பி இருந்ததை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியவில்லை. விளக்கும் விதிக்குக்கூட வழி இருந்தது. ஒரு கீற்று மாங்காயும் உப்புத்தூளும் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவன் நான் வாயைத் திறக்கும் முன்பே "விளங்கிற்று டீச்சர்" என்பான். வகுப்பில் மாங்காய்க்கு மசியாத ஒரே ஆள் மச்சாள். ஒரு நாள் மற்றவர்கள் வராததால் அவளிடம் மாட்டிக்கொண்டேன். அட்டையைக் காட்டி ஏதோ சொன்னேன்.

"எனக்கு விளங்கல்ல" என்றாள்.

"விளங்கிற்று எண்டு சொல்லு கா. மாங்கா தாறன்."

"மாங்காய திண்டா விளங்கிருமா? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? அடுத்த நாள் வேறு ஆளைப் பிடித்தேன்.

அவள் ஏழாம் அட்டையில் மூன்று வாரம் நின்றாள். பின்னங்களைக் கூட்டும் அட்டை. பாதையிலும் அதே அட்டைதான் கையில். காற்றில் பறக்காமல் செருப்பின் கீழே மிதித்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஒரு காலை, வாவியின் நடுவில், திடீரென்று என் தோளில் அடித்தாள்.

"டேய் மச்சான், இது மாமா கரையில மீன் பங்கு போடுறதுதான்டா!"

"எது?"

"இந்தக் கணக்கு. மாமாக்கு இது தெரியும். உனக்கும் தெரியும்."

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் தலையாட்டினேன். இருபதாம் அட்டைக்காரன் ஏழாம் அட்டையில் சந்தேகம் கேட்டால் மரியாதை என்னாவது?

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட அப்பா அட்டை எண் கேட்பார். துறையில் வலை காயப்போடும்போது மற்றவர்களுக்கு அறிவிப்பார்: "என்ட மகன் முப்பத்தொண்டு. இன்னும் அவுட் ஆகல்ல."

மச்சாளின் அம்மா, என் மாமி, மட்டும் இதற்கெல்லாம் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது டீச்சரிடம் நேராகவே சொன்னார்: "டீச்சர், மூணு வருசமாப் பாத்திட்டன். வருசக் கடைசிச் சோதினையிலயும் கணக்குல பெயில் எண்டா நிப்பாட்டிப் போடுவன். கடையில வேலைக்கு ஆள் கேக்கிறாங்க."

"மெதுவாத்தான் வாறா அம்மா. ஆனா வாறா" என்றார் டீச்சர். "நான் அவசரப்படுத்தாம இருந்தா வந்து சேருவா."

நான் கதவுக்குப் பக்கத்தில் அலுமாரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றேன். கேட்டேன். காதில்தான் விழுந்தது.

இரண்டாம் தவணைக் கடைசியில் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் ஐயா வந்தார். வேறு பள்ளிக்கூடங்களில் பாடத்திட்டம் பாதியைத் தாண்டிவிட்டதே, இங்கே என்ன அட்டை விளையாட்டு என்று பார்க்க வந்தவர். கெட்டவர் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"ஆகக் கூட எத்தனையாவது அட்டையில நிக்கிறீங்க?"

வகுப்பே என்னைக் காட்டியது. எழுந்து நின்றேன். எழும்போது சட்டையை இழுத்துவிட்டதும் ஞாபகம் இருக்கிறது.

"முப்பத்தொண்டா! நல்லது. அப்ப லேசா ஒண்டு கேக்கிறன். மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்டினா எவ்வளவு?"

முப்பத்தொன்றாம் அட்டையில் அப்படி ஒரு விடை இல்லை. மேலே இருப்பதைக் கூட்டினேன், கீழே இருப்பதைக் கூட்டினேன்.

"ஏழில ரெண்டு, ஐயா."

ஐயா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார், பிறகு அலுமாரியை, பிறகு மறுபடி என்னை. எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவருக்குப் பிடிபட்டது. ஐயாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்போது கடைசி வரிசை வாங்கில் ஒரு கை எழுந்தது. மச்சாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கை உயர்த்தினாள்.

"பன்னிரண்டு மணலை மீன் இருக்கெண்டு வைங்க ஐயா. மூண்டில ஒரு பங்கு நாலு மீன். நாலில ஒரு பங்கு மூண்டு மீன். சேத்தா ஏழு. பன்னிரண்டில ஏழு."

"சரி" என்றார் ஐயா. "நீங்க எத்தனையாவது அட்டை?"

"ஒன்பது."

"ஒன்பதா? இவ்வளவு நாளா?"

அவர் கொப்பியில் இரண்டு எண்களை எழுதினார். முப்பத்தொன்றில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்த பிள்ளை ஒன்பதிலேயே நிற்கிறாள். இரண்டும் முறையின் பிழை என்றுதான் யாருக்கும் தோன்றும். மூன்றாம் தவணையில் எல்லோர் கையிலும் பாடப்புத்தகம், எல்லோருக்கும் ஒரே பக்கம். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது டீச்சர் வாங்கி மேசைக்குள் போட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்து, அன்று பாதையில் நான் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

புத்தகம் வேகமாக ஓடியது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகவேண்டியவளை அது நேரே இருபத்தைந்தில் கொண்டுபோய் இறக்கியது. வருடக் கடைசியில் எனக்கு இருபத்திரண்டு புள்ளி. அவளுக்குப் பதினெட்டு. இரண்டுமே பெயில்தான். நாலு கூட என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். மாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று அதே பாதையில் மச்சாளும் வந்தாள். நான் வெள்ளைச் சட்டை. அவள் நாவல் நிறச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. அக்கரையில் பஸ் பிடித்துக் காத்தான்குடிக்குப் போகிறாள். புடவைக் கடையில் சேட்டுகளை மடித்துப் பெட்டியில் போடும் வேலை.

வாவியின் நடுவில் என் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், முப்பத்தொண்டாம் அட்டையில என்ன இருந்தது?"

நான் யோசித்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு கழுத்துப்பட்டியின் படம் இருந்தது. முன்பக்கம் ஞாபகம் வரவில்லை.

"ஒண்டுமில்ல. சும்மா எழுத்துகள்."

"என்ன எழுத்து?"

"எக்ஸ், வை எண்டு என்னவோ. உனக்கென்னத்துக்கு இப்ப?"

அவள் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் விரலால் ஓர் எக்ஸ் எழுதிப் பார்த்தாள். பாதை கரை தட்டியதும் எல்லோருக்கும் முன்னால் இறங்கிப் போனாள். ஐயாவின் முன்னால் நான் அவமானப்பட்டதைக் குத்திக்காட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை.