நாகவேணி படங்களுக்கு ஒட்டிய சொற்கள்

கூடத்திலிருந்து ஓர் ஆண் தேம்பித் தேம்பி அழும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள் நாகவேணி.

கம்ப்யூட்டர் முன்னால் அவள் கணவர் ஸ்ரீபாத ராவ் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அழுதவர் மஞ்சப்ப கௌடா. அவருடைய தங்கை கல்யாணத்துக்கு நாகவேணிதான் படம் எடுத்தவள்.

“அம்மா போயிட்டாங்க அக்கா. நாளைக்குக் காரியம். மாலை போட ஒரு படம் இல்ல. காமிராவக் கண்டாலே முந்தானையால முகத்த மூடிக்குவாங்க. தங்கச்சி கல்யாணத்துலயும் அப்படியே!”

“அந்தக் கல்யாண ஃபோல்டர சல்லடை போட்டுத் தேடிட்டேன்,” என்றார் ராவ்.

ஃபோல்டரெல்லாம் அவர் வேலை. கரண்ட் பில்லுக்குக்கூட ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடுகிற மனிதர். ஷிவமொக்கா முழுக்கக் கல்யாணப் படம் எடுத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய நாகவேணியோ, எல்லாப் படங்களையும் ஒரே குவியலாகப் போடுவாள். படத்துக்குப் படம் மனதில் பட்ட சொற்களை ஒட்டிவைப்பாள்.

“குப்பையக் கிளறப்போறா, பாருங்க கௌடரே.”

“உங்க ஃபோல்டர் அலமாரியில கிடைச்சுதா? நகருங்க! கௌடரே, அம்மா கல்யாண வீட்டுல என்ன செய்வாங்க?”

“யார் வீட்டுக் கல்யாணம்னாலும் பூரணம் வெச்சு ஹோளிகே தட்ட சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. சிவப்புக்கல் மூக்குத்தி போட்டிருப்பாங்க.”

‘ஹோளிகே, சிவப்பு மூக்குத்தி’ என்று தட்டினாள். அந்தச் சொற்கள் ஒட்டிய படங்கள் ஊரார் கல்யாணங்களிலிருந்து வந்து விழுந்தன.

“அம்மா!” என்று அலறினார் கௌடா.

யாரோ ஒருவர் வீட்டுச் சமையல்கட்டு. இரண்டு கையிலும் மாவு. முந்தானையை இழுக்க வழியில்லாமல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள் அந்தத் தாய்.

அப்போதுதான் நாகவேணிக்குத் திக்கென்றது. படத்தின் கீழே அவள் ஒட்டிய மூன்றாவது சொல்லும் பளிச்சென்று தெரிந்தது: ‘வாயாடி.’

கௌடா அதை வாசித்தார்.

“மன்னிச்சிடுங்க கௌடரே, நான் சும்மா…”

“வாயாடியேதான் அக்கா!” கண்ணீர் வழிய வழிய அவர் சிரித்தார். “பஸ் கண்டக்டரே பயப்படுவான். வீடு இப்ப எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா? தாங்க முடியல.”

ராவ் பிரிண்டரில் நல்ல காகிதமாகப் பார்த்துச் செருகினார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, படத்தை மார்போடு அணைத்து, “வாம்மா, வீட்டுக்குப் போலாம்,” என்றார் கௌடா. அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்த நாகவேணி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.