போறணையில் வெந்த கிட்டார்

கிட்டார் வேலையில் பிழை விட்டால் மரம் உடனே சொல்லாது. கம்பி பூட்டிய பிறகுதான் சொல்லும். இதை எழுத உட்காரும்போதும் எனக்கு அதே பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதையாவது மாற்றிச் சொல்லி, விஷயம் தெரிந்தவர்கள் படித்துச் சிரித்தால் என்ன செய்வது? ஆனாலும் அடுத்தவர் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கி நடுங்கி வேலை செய்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் சொல்கிறேன்.

பால் மறக்காத பலகை

மாம்புரியில் அன்ரன் பாஸின் கிட்டார் பட்டறையில் பலகை தேய்ப்பதும் பொலிஷ் பூசுவதும் என் வேலை. பாஸ் இத்தாலியில் இந்தத் தொழிலைப் பழகிவிட்டு வந்தவர். ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு கடை முதலாளி பழைய கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். புதுக் கிட்டார் வேண்டும், வடிவம் பாஸின் விருப்பம், சத்தம் மட்டும் இந்தப் பழையதைப் போல இருக்க வேண்டும் என்றார். சரிவந்தால் தொடர்ந்து வாங்குவார். சரிவராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மறுபடி இத்தாலிக்குப் போவதென்று பாஸ் முடிவு செய்திருந்தார். அவர் போனால் நான் திரும்பவும் வெங்காயத் தோட்டத்தில் குனிய வேண்டும். என் முழங்கால்கள் அதை நினைத்தே வலிக்கத் தொடங்கின.

முதலாளி போனதும் பாஸ் அந்தப் பழைய கிட்டாரில் ஒரேயொரு கம்பியைத் தட்டினார். நான் சாய்ந்து நின்ற மேசை என் முழங்கையின் கீழ் அதிர்ந்தது. அவர் கையை எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. தணிந்து தணிந்து, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பிறகு எங்கள் புதுப் பலகையை மூலையில் பிடித்துத் தூக்கி விரலால் தட்டினார். டொக் என்றது, அவ்வளவுதான். பாஸ் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது இன்னும் பால் மறக்காத பிள்ளை, அக்கா. இதைக் கிழவனாக்கோணும்."

பாணுக்குப் பிறகு

கிட்டாரின் முகத்துக்கு வரும் பலகையைத் தீ படாமல் சூட்டில் வேகவைத்தால், பல வருஷம் காய்ந்த மரத்தின் குரல் வருமாம். வெளிநாட்டில் அதற்கு மெஷின் இருக்கிறது. எங்களுக்குப் பாலாவியில் ஒரு பேக்கரி இருந்தது. காலைப் பாண் வெந்து வெளியே வந்த பிறகு போறணை அடுப்பில் மிஞ்சும் சூடு போதும் என்றார் பாஸ். பலகையை இரண்டு தகரத்துக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். குளிர் தேசத்திலிருந்து வந்த மரம். கைவசம் வேறு இல்லை. சந்தியில் பஸ் குலுங்கும்போதெல்லாம் நான் என் கையை அதற்கு மெத்தையாகக் கொடுத்தேன்.

அல்லாஹ்வின் பேரால் என்று பிஸ்மி சொல்லித்தான் உள்ளே தள்ளினேன். பிறகு போறணை வாயைவிட்டு நகரவில்லை. கொஞ்சம் புகை மணத்தாலும், "பாஸ், எடுப்பமா?" என்பேன். அவர் தலையை ஆட்டுவார். கடைசியில் தகரத்தைப் பிரித்தபோது வெள்ளைப் பலகை பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தது. சூடு ஆறியதும் பாஸ் தட்டினார். டொக் இல்லை. மணி அடித்தது போல நீளமாக ஒரு சத்தம் வந்தது. மா பிசைந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கரிக்கார நானாதான் முதலில் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்: "பாண் கருகினா மாட்டுக்குப் போடலாம் ராத்தா. இது கருகியிருந்தா யாருக்குப் போடுவீங்க?"

எலி வாசல்

வெந்த பலகை கொஞ்ச நாள் காற்றாட ஆற வேண்டும். கடற்காற்று ஈரம், பட்டறையில் வைக்க முடியாது. என் மச்சானின் வெங்காயக் கொட்டில்தான் ஊரிலேயே காய்ந்த இடம். வெங்காயம் அழுகாத இடத்தில் மரமும் பழுதாகாது என்று பாஸ் அங்கேயே கட்டித் தொங்கவிட்டார். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை.

கிட்டாரின் வடிவம் பாஸின் சொந்த யோசனை. பழையதைப் போலச் சின்ன உடம்பு, ஒடுங்கின இடுப்பு. ஆனால் நடுவில் உள்ள வட்டம் போதாதென்று, வாசிக்கிறவர் முகத்துக்கு நேராக விலாவிலும் ஒரு ஓட்டை போட்டார். முன்வட்டத்தால் போகும் சத்தம் கேட்க வந்தவர்களுக்கு, இது வாசிக்கிறவருக்கு என்றார். கருவாட்டு லொறி ஓட்டுகிற சூசை தன் கிட்டாரைத் திருத்த வந்தவர், இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் பாஸ், எலிக்குத் தனி வாசலோ?"

மூக்கு

பெட்டியை ஒட்டி மூடி, பொலிஷும் பூசி, கம்பி பூட்டிய அன்றுதான் நான் அந்த ஓட்டைக்குக் கிட்டக் குனிந்தேன். உள்ளேயிருந்து வெங்காயம் மணத்தது. மரம் ஆறும்போது எல்லாவற்றையும் குடித்திருக்கிறது. பாஸும் குனிந்து மோந்து பார்த்தார். கோப்பித் தூளைத் துணியில் கட்டி உள்ளே வைத்தோம், வெயில் படாத காற்றில் பிடித்தோம். வெங்காயம் போகவில்லை. சொன்ன நாளில் முதலாளி வந்துவிட்டார்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். அந்த ஓட்டை சரியாக அவர் மூக்குக்கு நேரே. நான் கதவோரம் நின்று யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதைச் சொல்லவும் மறந்துபோனேன். பழைய கிட்டாரின் அதே குரல். முடிந்தும் முடியாத அதே மிச்சம். நான் தேய்த்த மரம், பாலாவி போறணையில் வெந்த மரம், இப்படிப் பேசுமா? ரோட்டில் போன மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். முதலாளி வாசிப்பை நிறுத்தினார். பழையதை எடுத்து வாசித்தார். மறுபடி புதியதை எடுத்தார். பிறகு மூக்கை ஓட்டையில் வைத்து நன்றாக இழுத்து மோந்தார். பாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"சத்தம் பழசுதான், அன்ரன். வாசம் மட்டும் நேற்று வச்ச வெங்காயச் சம்பல். இதை நான் கொண்டுபோறேன், மற்றதெல்லாம் வேற இடத்தில ஆறட்டும்."

உள்ளே ஒரு பேர்

இத்தாலிப் பயணம் நின்றது. அடுத்த பலகைகளை பேக்கரியின் மா மூட்டை அறையில் ஆறவைத்தோம். அவற்றில் செய்த முதல் கிட்டாரின் பெட்டியை மூடப் போகும்போது பாஸ் பென்சிலை என்னிடம் நீட்டினார். மூடும் முன் வேலை செய்தவர்கள் உள்பக்கத்தில் பேர் எழுதுவது அந்தத் தொழிலின் வழக்கமாம். கொழும்பில் அது வெடித்துப் பிளந்தால்? யாராவது டோர்ச் அடித்துப் பார்த்து, இதைத் தேய்த்தவள் இவள்தான் என்று தேடி வந்தால்? மாட்டேன் என்றேன். பாஸ் கையை மடக்கவில்லை. கடைசியில் பென்சிலை வாங்கி, இரண்டு ஓட்டைகளாலும் கண் எட்டாத அடிமூலையில், உள்ளே ஒட்டிய மரக்கட்டைக்குப் பின்னால், எறும்பு போலச் சின்னதாக என் பேரை எழுதினேன். இப்போது எல்லாவற்றிலும் அங்கேதான் எழுதுகிறேன். பாஸ் குனிந்து தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இதை வாசிக்கோணுமெண்டா கிட்டாரை உடைக்கோணும்."

அதனால் என் பேர் வெளியே வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு கிட்டாரும் உடையாமல் நீண்ட காலம் இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்கிறேன். இப்படியொரு உத்தரவாதம் வேறு எந்தப் பட்டறையிலும் கிடைக்காது.